புதிய ஸ்கூபா டைவர் தன் கடலைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டைவிங் பயணத்தில் ஏமாற்றமடையும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். எங்கோ ஒரு மான்டா திருக்கையின் படத்தைப் பார்க்கிறார்கள். அது எந்தத் தீவு என்று தேடுகிறார்கள். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்ததும் போட்டுவிடுகிறார்கள். அந்த மாதத்தில் அங்கே கடல் எப்படி இருக்கும், தங்கள் சான்றிதழுக்கு அங்கே எத்தனை இடங்கள் பொருந்தும் என்பதெல்லாம் படகில் ஏறிய பிறகே தெரிய வருகிறது.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் உடல். அடுத்து சான்றிதழும் அனுபவமும். பிறகு மாதம், கடலின் தன்மை, ஊர், டைவ் சென்டர். டிக்கெட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான பட்டியலைச் சுருக்கித் தருவதால்தான் இந்த வரிசை. தொடக்கத்தில் உலகமே விரிந்து கிடக்கும். ஐந்தாவது படிக்கு வரும்போது இரண்டு மூன்று ஊர்கள்தான் மிஞ்சும்.

1. முதலில் உடலையும் காப்பீட்டையும் முடித்துவிடுங்கள்

எந்த நாட்டுக்குப் போனாலும் டைவ் சென்டரில் முதலில் நீட்டப்படுவது மருத்துவக் கேள்வித்தாள். பரவலாகப் பயன்படும் படிவத்தில் 10 முதன்மைக் கேள்விகள் இருக்கும். ஆஸ்துமா, இதயம், காது அறுவை சிகிச்சை, வலிப்பு, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகள் என்று போகும். சிலவற்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலே மருத்துவரின் கையெழுத்து தேவைப்படும். சிலவற்றுக்கு உட்கேள்விகள் உண்டு. அவற்றில் ‘ஆம்’ வந்தால் கையெழுத்து தேவை.

அந்தத் தாளை ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்து நிரப்பிப் பாருங்கள். சிறுவயதில் இருந்த வீசிங்கை, தீவில் இறங்கிய முதல் நாள் காலையில் கவுன்டரில் நின்றுகொண்டு நினைவுபடுத்திக் கொள்பவர்கள் நிறைய. தீவில் மருத்துவர் கிடைக்க ஒரு நாள் ஆகும், கிடைத்தாலும் உங்கள் பழைய ரிப்போர்ட் எதுவும் அவரிடம் இருக்காது. கையெழுத்து இல்லாமல் பொறுப்புள்ள சென்டர் உங்களை நீரில் இறக்காது.

பொய்யாக ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மேலே வரும்போது நுரையீரலில் காற்று எங்காவது அடைபட்டால், வெறும் இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்துகூட உயிருக்கு ஆபத்தான காயம் ஏற்படலாம். கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது.

அடுத்தது காப்பீடு. வழக்கமான பயணக் காப்பீடுகள் பல, ஸ்கூபாவை முழுவதுமாக விலக்கியிருக்கும் அல்லது ஆழ வரம்பு வைத்திருக்கும். பாலிசியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை மீட்டர் வரை செல்லும், டைவால் உடலில் குமிழி உண்டானால் தேவைப்படும் அழுத்த அறைச் சிகிச்சை உண்டா, தீவிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவு உண்டா. டைவர்களுக்கென்றே தனிக் காப்பீடுகள் கிடைக்கின்றன. ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ அமைப்பு அவற்றில் பரவலாக அறியப்பட்டது. இதை ஏன் முதல் படியிலேயே சொல்கிறேன் என்றால், அழுத்த அறை எவ்வளவு தூரம் என்ற கேள்வி பின்னால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மறுபடி வரும்.

2. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று நேர்மையாகப் பாருங்கள்

இதுவரை டைவே செய்யாதவர் என்றால் இரண்டு வழிகள். ஒன்று அறிமுக டைவ்: இன்ஸ்ட்ரக்டர் பக்கத்திலேயே இருப்பார், அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், சான்றிதழ் கிடைக்காது. மற்றொன்று ஓபன் வாட்டர் எனப்படும் அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்பு: பாடம், நீச்சல் குளம், பிறகு கடலில் நான்கு டைவ்கள். சாதாரணமாக மூன்று நான்கு நாட்கள் பிடிக்கும். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வேகத்துக்கு மதிப்பெண் இல்லை.

படிப்பை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாடத்தையும் குளப் பயிற்சியையும் உங்கள் ஊரில் முடித்து, சான்றுத் தாளுடன் போய்க் கடல் டைவ்களை மட்டும் அங்கே செய்யலாம். விடுமுறை குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் பதறுபவர்களுக்கு இன்னும் நல்லது. அந்தப் பயத்தைக் குளத்தில் பல வாரங்கள் பொறுமையாகத் தீர்த்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் அந்தச் சான்றுத் தாளின் செல்லுபடிக் காலத்தையும், அங்கிருக்கும் சென்டர் அதை ஏற்குமா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

இப்போதுதான் சான்றிதழ் வாங்கியவர் என்றால் உங்கள் வரம்பு 18 மீட்டர். 10 முதல் 14 வயதுள்ள இளையவர்களுக்கு வரம்பும் துணையாக யார் வர வேண்டும் என்ற விதியும் வயதைப் பொறுத்து மாறும். 10, 11 வயதில் 12 மீட்டர்தான்.

சான்றிதழ் வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது, நடுவில் டைவ் இல்லை என்றால் உங்களையும் புதியவராகவே எண்ணிக்கொள்ளுங்கள். சான்றிதழ் காலாவதி ஆவதில்லை, கைப்பழக்கம் ஆகிவிடும். முதல் நாளை ‘ரிஃப்ரெஷர்’ எனப்படும் மீள்பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அதற்குக் குளமோ மணல் தரையுள்ள அமைதியான விரிகுடாவோ உள்ள ஊர் வேண்டும். உங்கள் பட்டியல் இங்கேயே கொஞ்சம் சுருங்கிவிட்டது, பாருங்கள்.

3. மாதத்தை முடிவு செய்த பிறகு வரைபடத்தைத் திறங்கள்

விடுப்பு எந்த மாதம் கிடைக்கும் என்பது பெரும்பாலோருக்கு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று. அதனால் அதிலிருந்தே தொடங்குங்கள். வெப்பக் கடல்களில் நீரின் சூடு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது. காற்றும் மழையும் அலையும்தான் மாறும். தண்ணீர் 28 டிகிரி இருந்தும் படகு கரையை விட்டு நகர முடியாத வாரங்கள் உண்டு.

இலங்கையைப் பாருங்கள். கிழக்கில் திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. அதே மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று, தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவ கடற்கரையை அடித்துக்கொண்டிருக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அப்படியே தலைகீழ். ‘இலங்கையில் டைவிங் சீசன் எப்போது’ என்று நாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் தவறான பதில் வருவது இதனால்தான். எப்போதும் கடற்கரையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

தாய்லாந்தும் அப்படியே. அந்தமான் கடல் பக்கமுள்ள சிமிலான் தீவுகளின் தேசியப் பூங்கா ஒவ்வோர் ஆண்டும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்படும். வளைகுடாப் பக்கமுள்ள கோ தாவோவில் அந்த மாதங்களில் டைவிங் நன்றாகவே நடக்கும். அங்கே நவம்பரை ஒட்டித்தான் மழையும் கலங்கலும். மலேசியாவின் பெர்ஹெந்தியன் தீவுகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பல விடுதிகளே பூட்டியிருக்கும். அந்தமான் தீவுகளுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஏற்றது. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்; தென்கோடியில் இருக்கும் பொனேர் தீவு அந்தப் புயல் பாதைக்குப் பெரும்பாலும் வெளியே இருப்பதால் அந்த மாதங்களிலும் நம்பிப் போகலாம். செங்கடலில் ஆண்டு முழுவதும் டைவிங் உண்டு. ஆனால் வடபகுதியில் குளிர்காலத்தில் நீர் 21, 22 டிகிரிக்கு இறங்கும், மேலே வடகாற்று வேறு.

இன்னொரு பொறி இருக்கிறது. ‘சிறந்த சீசன்’ என்று எழுதியிருந்தால், எதற்குச் சிறந்தது என்று கேளுங்கள். பாலிக்கு அருகிலுள்ள நூசா பெனிடாவில் சூரியமீன் பார்க்கச் சிறந்த மாதங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை. அந்த மீன் மேலே வருவதே ஆழத்துக் குளிர்நீர் மேலெழுவதால்தான். நீர் 20 டிகிரிக்குக் கீழே போகலாம், நீரோட்டமும் முரட்டுத்தனமாக இருக்கும். மாலத்தீவில் மான்டாக்கள் கூட்டமாக வரும் ஹனிஃபாரு விரிகுடாவுக்குத் தென்மேற்குப் பருவம்தான் காலம். அவற்றின் உணவான மிதவை உயிரிகள் நிறைந்திருப்பதால் அப்போது நீர் மங்கலாக இருக்கும். அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியும் இல்லை, ஸ்நார்க்கலிங் மட்டுமே. பெரிய உயிரினங்களின் சீசனும் புதியவர்களின் சீசனும் பல இடங்களில் வேறு வேறு.

4. கடலைப் படியுங்கள்: தரை, நீரோட்டம், சூடு, இறங்கும் வழி

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். மற்ற எல்லாப் படிகளையும் விட இதுதான் உங்கள் டைவ் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது.

தரையில் தொடங்குங்கள். நீங்கள் டைவ் செய்யப்போகும் இடத்தில் கடற்தரை எத்தனை மீட்டரில் இருக்கிறது? புதியவருக்கு மிதப்புக் கட்டுப்பாடு, அதாவது ஒரே ஆழத்தில் நிற்கும் பழக்கம், இன்னும் கைக்கு வந்திருக்காது. 12 மீட்டரில் மணல் தரை இருந்தால், கட்டுப்பாடு தவறினாலும் 12 மீட்டரில் நின்றுவிடுவீர்கள். செங்குத்தான பாறைச் சுவரை ஒட்டி, கீழே 200 மீட்டர் நீலம் மட்டும் இருந்தால், மாஸ்க்கைச் சரிசெய்யும் அரை நிமிடத்தில் 18 மீட்டரைத் தாண்டிவிடலாம். தெளிந்த நீரில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. 30 மீட்டர் பார்வைத் தூரம் உள்ள கடலில் புதியவர்கள் வரம்பைத் தாண்டுவது இப்படித்தான். 10, 15 மீட்டர் தூரம் தெரிந்தாலே உங்களுக்குத் தாராளம்.

ஆழத்தைக் குறைவாக வைத்துக்கொள்ள இன்னொரு காரணம் காற்றுக் கணக்கு. பரவலாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு. ‘பார்’ என்ற அழுத்த அளவில் 200 வரை நிரப்பினால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக விட்டால் மிஞ்சுவது 1,650 லிட்டர். பதற்றத்தில் இருக்கும் புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு, ஆக நிமிடத்துக்கு 70 லிட்டர். 23 நிமிடத்தில் கதை முடிந்தது. 8 மீட்டரில் 1.8 மடங்கு, 45 லிட்டர். 36 நிமிடம் இருக்கலாம். பவளமும் வண்ண மீன்களும் வெளிச்சம் அதிகமுள்ள மேல்பகுதியில்தான் செழிப்பாக இருக்கும். ஆழத்தில் சிவப்பு நிறமே மங்கிவிடும். ஆகவே 8 மீட்டர் உங்களுக்கு இழப்பே கிடையாது.

இது நடக்கும்போது எப்படி இருக்கும் என்று படகில் அடிக்கடி பார்க்கிறேன். ஆறு பேர் கொண்ட குழு. அதில் நேற்றுச் சான்றிதழ் வாங்கிய ஒருவர். மற்றவர்களுக்கு 120 பார் இருக்கும்போது அவருடைய கேஜில், அதாவது காற்று அளவுகாட்டியில், 60. வழிகாட்டியிடம் காட்டக் கூச்சப்பட்டு, கேஜை மடியில் திருப்பி வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் நீந்துகிறார். கூச்சத்தால் மூச்சு இன்னும் வேகமாகிறது. எளிய இடம், சிறிய குழு என்று முன்பே கேட்டு வாங்கியிருந்தால் அந்தக் கூச்சத்துக்கே இடமிருந்திருக்காது.

அடுத்து நீரோட்டம். நீரோட்டத்தோடு மிதந்து போகும் டைவ்கள் அழகானவை, ஆனால் அவற்றில் நின்று யோசிக்க முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்து, உடனே கீழிறங்கி, ஒன்றாக மேலே வர வேண்டும். காது அடைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் மேலேயே தடுமாறும் புதியவர் அதற்குள் குழுவை விட்டு வெகுதூரம் இழுத்துச் செல்லப்பட்டிருப்பார்.

ஓதத்தால் நீரோட்டம் வரும் பல இடங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேகம் கூடும். அரை நிலா நாட்களை ஒட்டி அடங்கும். பயண வாரத்தை ஒன்றிரண்டு நகர்த்த முடிந்தால் நாட்காட்டியைப் பார்த்து நகர்த்துங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை, பலனோ பெரிது.

நீரின் சூடு. 27 முதல் 29 டிகிரி இருந்தால் 3 மில்லிமீட்டர் வெட்சூட் எனும் ரப்பர் உடை போதும். இதில் கதகதப்பைத் தாண்டி ஒரு நன்மை உண்டு. வெட்சூட் தடிக்கத் தடிக்க அது அதிகம் மிதக்கும், அதற்கேற்ப ஈய எடை கூடும், ஆழத்தில் சூட் நசுங்கும்போது மிதப்பும் அதிகமாக மாறும். மெல்லிய சூட்டில் இந்தத் தொல்லைகள் குறைவு, கற்றுக்கொள்வது எளிது. ஆனாலும் காற்றைவிட நீர் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். நாளைக்கு மூன்று டைவ், நான்கு நாள் தொடர்ச்சி என்றால் 28 டிகிரியிலும் மூன்றாம் நாள் நடுங்குவீர்கள். ‘வெப்பமண்டலம்தானே’ என்று வெறும் டி-சர்ட்டோடு இறங்காதீர்கள். வரைபடத்தில் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதாலேயே வெதுவெதுப்பு என்று முடிவு கட்டவும் வேண்டாம். கலாபகோஸ் பூமத்திய ரேகை மேலேயே இருந்தும் குளிர்நீரோட்டங்களால் தடித்த சூட் கேட்கும்.

கடைசியாக இறங்கும் வழி. கரையிலிருந்து நடந்து இறங்குவதா, படகிலிருந்து குதிப்பதா? கரை டைவில் உங்கள் வேகத்துக்கு இறங்கலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்பி நடக்கலாம். ஆனால் சிலிண்டரைச் சுமந்து உருளைக் கற்களில் நடக்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். படகில் அந்தச் சுமை இல்லை, பதிலுக்குக் குமட்டல் உண்டு. குமட்டல் மாத்திரை போடுபவர்கள் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும். அந்த மாத்திரை தூக்கம் வரவழைக்குமா என்பதை ஊரில் ஒரு சாதாரண நாளில் சாப்பிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. இப்போது ஊர்கள்

மேலே சொன்ன வடிகட்டிகளில் தேறி வருபவை சில. என் கணிப்பில், சான்றிதழ் படிக்கப் போகிறவர்களுக்கு கோ தாவோ, இந்தோனேசியாவின் கிலி தீவுகள், ஹோண்டுராஸின் உத்திலா ஆகியவை நல்ல தொடக்கம். படிப்பு நடத்துவதே அங்கே முக்கியத் தொழில். ஆழம் குறைந்த, அமைதியான பயிற்சி இடங்கள் பக்கத்திலேயே உண்டு. கோ தாவோவில் கூட்டம் ஒரு குறை. பயிற்சி விரிகுடாவில் ஒரே நேரத்தில் பல குழுக்கள் மண்டியிட்டிருக்கும். காலை முதல் படகைக் கேளுங்கள். அங்கேயே இருக்கும் சும்போன் பினக்கிள் என்ற புகழ்பெற்ற பாறையின் உச்சியே 14 மீட்டரை ஒட்டித்தான் தொடங்குகிறது. 18 மீட்டர் வரம்புக்காரருக்கு அதன் தலை மட்டும்தான். படிப்பு முடிந்த மறுநாளே அங்கே கூட்டிப் போகச் சொல்லாதீர்கள்.

சான்றிதழோடு வருபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது கரை டைவ் ஊர்களை. எகிப்தின் தஹப், ஜோர்டானின் அகபா, பொனேர் மூன்றிலும் கரையிலிருந்து சில அடிகளில் பாறைத்திட்டு தொடங்கிச் சரிந்து இறங்குகிறது. எவ்வளவு ஆழம் போவது என்பது உங்கள் கையில். பொனேரில் 80-க்கும் மேற்பட்ட டைவ் இடங்கள், சாலையோரம் மஞ்சள் கற்களால் குறிக்கப்பட்டிருக்கும். கடல் பூங்கா விதிப்படி முதல் டைவ் இடத்தோடு பழகிக்கொள்ளும் எளிய டைவாக இருக்க வேண்டும். புதியவருக்கு இது வரம். தஹப்பில் ஒரு எச்சரிக்கை: அங்குள்ள புளூ ஹோலின் வளைவு 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பல உயிர்களைக் குடித்த இடம். அனுபவம் இல்லாதவர்களுக்கு அங்கே வேலையில்லை.

பாலியின் துலாம்பென்னில் கரையோரமே கிடக்கும் லிபர்ட்டி கப்பல் ஏறக்குறைய 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் வரை போகிறது. புதியவர் மேல்பகுதியிலேயே முழு டைவையும் மனநிறைவாக முடிக்கலாம். கப்பலின் உள்ளே மட்டும் நுழையக் கூடாது. அந்தமானின் ஹேவ்லாக்கில், இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு, ஆழமில்லாத பயிற்சி இடங்களும் சற்று ஆழமான பாறைகளும் இரண்டுமே உண்டு. எதற்குக் கூட்டிப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலத்தீவு இரண்டுங்கெட்டான். விடுதியின் முன்னாலேயே இருக்கும் ‘ஹவுஸ் ரீஃப்’ புதியவருக்கு அருமை. அதே நாட்டில் தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் நீரோட்டம் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் முதல் பயணத்தில் விடுதி சரி, படகிலேயே தங்கிச் செல்லும் லைவ்போர்டு வேண்டாம். அங்கே அனைவருக்கும் 30 மீட்டர்தான் சட்ட வரம்பு.

பின்னால் போக வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கொமோடோ, கலாபகோஸ், பலாவ் நாட்டின் புளூ கார்னர்: நீரோட்டம். பெலீஸின் பெரிய புளூ ஹோல்: எல்லோரும் பார்க்க விரும்பும் தொங்குபாறைகள் சுமார் 40 மீட்டரில், பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையில். செங்கடலின் திஸ்டில்கார்ம் கப்பல்: கடற்தரை 30 மீட்டர், நீரோட்டமும் சேரும். எகிப்தின் பிரதர்ஸ் தீவுகளுக்குப் போகும் லைவ்போர்டுகள் பொதுவாக 50 டைவ் பதிவு கேட்கும். மெக்சிகோவின் செனோட்டே குகைநீர்: மேலே பாறைக் கூரை இருப்பதால் நேராக மேலே வர முடியாது. இவை எல்லாம் காத்திருக்கும்.

6. டைவ் சென்டருக்கு எழுதுங்கள், பதிலை எடை போடுங்கள்

இரண்டு ஊர்கள் தேறியதும் ஒவ்வொன்றிலும் மூன்று சென்டர்களுக்கு ஒரே செய்தியை அனுப்புங்கள். அதில் முதல் வரியிலேயே உங்களைப் பற்றிய உண்மையை வையுங்கள்:

“என்னிடம் ஓபன் வாட்டர் சான்றிதழ் இருக்கிறது. மொத்தம் ஆறு டைவ். கடைசி டைவ் பத்து மாதங்களுக்கு முன். பிப்ரவரி இரண்டாம் வாரம் வருகிறேன். மீள்பயிற்சி உண்டா? அதன் பிறகு எந்த இடங்களுக்குக் கூட்டிப் போவீர்கள், அவற்றின் ஆழம் என்ன? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? புதியவர்களைத் தனிக் குழுவாகப் பிரிப்பீர்களா? டைவ் கம்ப்யூட்டர் வாடகையில் சேர்த்தியா? படகில் ஆக்சிஜன் இருக்குமா? அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, போக எவ்வளவு நேரம்? கடல் சரியில்லை என்றால் பணம் என்னாகும்?”

நல்ல சென்டர் உங்களிடமே திருப்பிக் கேட்கும்: கடைசியாக எங்கே டைவ் செய்தீர்கள், காது அடைப்பு உண்டா, என்ன பார்க்க ஆசை. ‘எங்கள் எல்லா இடங்களும் எல்லோருக்கும் ஏற்றவை’ என்று பதில் வந்தால் அந்த சென்டரை விட்டுவிடுங்கள். ஆக்சிஜன், அழுத்த அறை கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் அப்படியே.

குழு அளவைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள். பேடி என்ற பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி ஓபன் வாட்டர் படிப்பின் கடல் டைவ்களில் ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எட்டு மாணவர்கள் வரை போகலாம். அது உச்சவரம்பு. நான்கு பேருக்கு மேல் என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன். எட்டு ஜோடிக் கண்களைக் கலங்கிய நீரில் ஒருவரால் கவனிக்க முடியாது. பேடியா, அதைப் போன்ற இன்னொரு நிறுவனமான எஸ்எஸ்ஐயா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் உலகெங்கும் செல்லும். இன்ஸ்ட்ரக்டர் யார், குழு எவ்வளவு என்பதுதான் பொருட்டு.

விலை கேட்கும்போது வாடகைச் சாதனம், கடல் பூங்காக் கட்டணம், படகு, பாடப் பொருட்கள் எல்லாம் சேர்ந்த தொகையைக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் மலிவாகத் தெரிந்தது கடைசியில் மலிவாக இருக்காது.

7. நாட்களை அடுக்கிவிட்டு டிக்கெட் போடுங்கள்

போய் இறங்கும் நாளில் டைவ் வேண்டாம். தூக்கமின்மையும் நீர்ச்சத்துக் குறைவும் விமானத்தில் அடைத்த காதும் சேர்ந்தால், முதல் டைவிலேயே காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாமல் பயணமே கெடும்.

கடைசி நாள் இன்னும் முக்கியம். டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் அது குமிழிகளாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பது பரிந்துரை. நீங்கள் 24 மணி நேரமாகவே வைத்துக்கொள்ளுங்கள், கணக்கும் எளிது.

விமானம் மட்டும்தான் என்று நினைப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். மலையும் அதே கணக்குதான். தஹப்புக்குப் போகிறவர்கள் சினாய் மலை ஏறுவார்கள். உச்சி 2,285 மீட்டர். துலாம்பென்னிலிருந்து திரும்பும் வழியில் கிந்தமணி எரிமலையைப் பார்ப்பார்கள். அந்தச் சாலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் போகிறது. மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள்.

படிப்புக்கு நான்கு நாள், அதன் பின் கற்றதை நிதானமாகச் செய்து பார்க்க இரண்டு நாள், வானிலைக்கோ சளிக்கோ ஒரு நாள். சளிக்கு நாள் ஒதுக்குவது வீண் என்று தோன்றும். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கி, கீழே இருக்கும்போது மருந்தின் வேலை முடிந்துவிட்டால் மேலே வரும் வழியில் காதில் காற்று சிக்கிக்கொள்ளும். ஒரு நாள் கரையில் உட்காருவது நல்லது.

இவ்வளவும் தாளில் எழுதிப் பார்த்த பிறகு டிக்கெட். மாற்றக்கூடிய டிக்கெட் சற்று விலை கூடினாலும் பரவாயில்லை. சொந்தமாக ஒன்றே ஒன்று வாங்குவதானால் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க் வாங்குங்கள். வாடகை மாஸ்க் கசிந்தால் டைவ் முழுவதும் கவனம் அதிலேயே போய்விடும்.

8. அங்கே போனதும்: முதல் டைவ்

முதல் டைவுக்கு முன் எடைச் சோதனை செய்யக் கேளுங்கள். மிதப்பைச் சரிசெய்யக் காற்று நிரப்பும் ஜாக்கெட்டை முழுதும் காலியாக்கி, சாதாரண மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் இன்னும் இரண்டு கிலோ வரை சேர்க்க வேண்டியிருக்கும்; காற்று தீர்ந்ததும் சிலிண்டர் இலேசாகும் என்பதே காரணம். குளத்தில் பயின்ற எடை கடலில் போதாது. சாதாரணக் கடல்நீரைவிட உப்பு கூடிய செங்கடலில் இன்னும் கொஞ்சம் வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூடுதலாகக் கட்டிவிட்டால் அதை ஈடுகட்ட ஜாக்கெட்டில் காற்று நிரப்பி, அந்தக் காற்று ஆழத்துக்கு ஆழம் மாறி, மேலும் கீழும் அல்லாடுவீர்கள்.

கேமரா அறையிலேயே இருக்கட்டும். படம் எடுக்கும் புதியவர் கேஜைப் பார்ப்பதில்லை, துணை டைவரையும் பார்ப்பதில்லை, கால் துடுப்பு பவளத்தில் படுவதும் தெரிவதில்லை. மிதப்பு கைக்கு வந்த பிறகு கொண்டு வாருங்கள்.

இறங்கும் முன் வழிகாட்டி தரும் பிரீஃபிங்கில் ஆழம், நேரம், எத்தனை பாரில் திரும்புவது, பிரிந்தால் என்ன செய்வது என்ற நான்கும் சொல்லப்பட்டதா என்று கவனியுங்கள். சொல்லப்படாததைக் கேளுங்கள். 100 பாரில் வழிகாட்டிக்குக் காட்டுங்கள், 50 பாருடன் மேலே வாருங்கள். மேலே வரும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள்.

படகு போய்ச் சேர்ந்த இடம் சொன்னதற்கு மாறாக இருந்தால், அலை மிரட்டினால், மனம் ஒப்பவில்லை என்றால், ‘இந்த டைவ் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த டைவரும் எந்த டைவையும், நீருக்குள் இறங்கிய பின்னும்கூட, எந்த நேரத்திலும் நிறுத்தலாம். எல்லாப் பயிற்சி நிறுவனங்களும் கற்றுத்தரும் விதி இது. பணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். அடுத்த டைவுக்கு எளிய இடம் கேட்டு, அன்று மாலையே டைவ் குறிப்பேடான லாக்புக்கில் எடை, சூட், நீரின் சூடு, எவ்வளவு காற்று மிஞ்சியது என்று எழுதி வையுங்கள். அடுத்த ஊரின் சென்டருக்கு எழுதும் செய்தியின் முதல் வரிகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.